நீ விட்டுவிட்ட கை

பிரபா,

உன் கல்யாணத்துக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஆரம்பித்தால் நீ "சரிம்மா, வுடும்மா" என்று முடித்துவிடுவாய். நானும் அந்த "வுடும்மா"வை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுவேன். இத்தனை வருஷமாக நமக்குள் அப்படித்தான் நடந்துவருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். ரேவதியும் இதைப் படிக்கட்டும். அவள் கேட்ட ஒரு கேள்விதான் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறது.

நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு ஜாக்கெட் அளவு கொடுக்க அவள் நம் வீட்டுக்கு வந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் யாரோ எங்கேயோ போட்டுக்கொள்ளப்போகிற சட்டைகளுக்குக் கை வைத்து வைத்தே என் காலம் போய்விட்டது. மருமகளின் ஜாக்கெட்டையாவது முழுதாக நானே தைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். டேப்பை அவள் தோளில் வைத்துக் கைநீளம் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அத்தே, தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். "உங்க போன் வந்தா அவரு மூஞ்சே மாறிடுது. எங்க வூட்ல சாப்ட்டுகினு இருந்தாக்கூட தட்ட கீழ வெச்சிட்டு எழுந்துக்கறாரு. மொதல்ல செருப்ப மாட்டிக்கறாரு. அப்பறந்தான் போன எடுக்கறாரு. நீங்க 'இன்னாடா, சாப்ட்டியா'ன்னுதான் கேக்கறீங்க. அதுக்கு எதுக்கு அத்தே செருப்பு?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் சொல்லவில்லை. "சின்ன வயசுலேந்தே அவன் அப்படித்தான்" என்று ஏதோ பூசி மெழுகினேன். அவள் போன பிறகு பார்த்தால் கைநீளத்தைத் தப்பாக எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? நீ ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு வெளியே சில பையன்கள் உன்னைக் கீழே தள்ளி சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு போனார்களே, அதற்காகத்தான் உன்னை ஜியு ஜிட்சு கிளாஸில் சேர்த்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன். டோல்கேட் பக்கம் டயர் கடை மாடியில் ஓர் இளைஞர் புதிதாகக் கிளாஸ் தொடங்கியிருந்தார். நீ முதல் நாள் சும்மா பார்த்துவிட்டு வந்து, "அடிக்கறது ஒதைக்கறதெல்லாம் இல்லம்மா. புடிக்கறது, பூட்டறது, அவ்ளோதான். ஒல்லியா இருக்கறவன்கூட பெரிய ஆள அசையாம வெச்சிக்கலாமாம்" என்றாய். அந்த நேரத்தில் உன் அப்பா உள்ளே கையை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கையைப் பார்த்தேன். அடுத்த நாளே உன்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டேன். சைக்கிள் வெறும் சாக்கு. எனக்கு ஒரு காவலாள் வேண்டும் என்று என் பிள்ளையை அனுப்பினேன். உனக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை.

ரேவதிக்காக இதையும் எழுதிவிடுகிறேன். உன் அப்பா குடிக்க மாட்டார். டிரெய்லர் ஓட்டுகிறவர், எண்ணூர் ரோட்டில் துறைமுக வரிசையில் நாள்கணக்காக வண்டியோடு கிடந்துவிட்டு வந்தாலும் ஒரு சொட்டு தொட மாட்டார். தெருவில் எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுவார். அதனால் அவர் அடிக்கிறார் என்று நான் யாரிடம் போய்ச் சொன்னாலும், "குடிக்காத மனுசன், இன்னா கொறை உனக்கு? வண்டி ஓட்ற அசதி, கொஞ்சம் பொறுத்துக்கினு போ" என்றார்கள். என் சொந்த அக்காவும் அதையேதான் சொன்னாள். குடிகாரன் பெண்டாட்டிக்காவது காலையில் அவன் தெளிந்து நிற்கும் கொஞ்ச நேரம் உண்டு. உன் அப்பா எப்போதும் தெளிவாகத்தான் இருந்தார். அடி வாங்கியதற்காக நான் இன்றைக்கு வெட்கப்படவில்லை, அது என் தப்பில்லை என்று தெரிந்துகொண்டேன். அந்த அடிக்கு நடுவில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தியதற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

அந்த மாடி உனக்கு என்ன செய்தது என்று நான் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் என் முந்தானைக்குப் பின்னால் நிற்கிற பையன் நீ. கடைக்காரர் பாக்கிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவாய். அங்கே போகத் தொடங்கிய பிறகு கண்ணைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாய். ராத்திரி பல்லைக் கடிப்பதை நிறுத்தினாய். முழங்கையெல்லாம் தோல் உரிந்து, காது சிவந்து, வேர்த்து ஊற்றிக்கொண்டு வந்து, "இன்னிக்கு எல்லார் கையிலயும் தோத்தேம்மா" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாய். தோற்றுவிட்டுச் சிரிக்கிற பிள்ளையை அதற்கு முன் நான் கண்டதில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதை விட்டுவிட்டு, "தோக்கறதுக்கா உன்ன அனுப்பறேன்? எப்படா ஜெயிப்ப?" என்று கேட்டேன். உன் சிரிப்பு அப்படியே நின்றது. கொஞ்ச நாளில் கிளாஸில் நடப்பதை வீட்டில் சொல்வதையே நிறுத்திவிட்டாய்.

பிறகு அந்த நாள். நீ பிளஸ் டூ பரீட்சை முடித்திருந்தாய். கூட வேலை செய்கிற பெண்ணின் வீட்டுச் சீமந்தத்துக்கு நான் போய்விட்டு வந்தேன். உன் அப்பா எதிர்பாராமல் வண்டியை விட்டுவிட்டு மத்தியானமே வந்திருந்தார். "யாரக் கேட்டுப் போன?" என்றார். அவ்வளவுதான். தலைமுடியைப் பிடித்து அடுப்பு மேடையில் மோதினார். நீ வெளியிலிருந்து வந்தாய். கத்தவில்லை, அழவில்லை. பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாய். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் தரையில் கிடந்தீர்கள். அவர் விழும்போது அவர் தலைக்குக் கீழே உன் உள்ளங்கை இருந்தது. மண்டை தரையில் படக்கூடாது என்று வைத்திருக்கிறாய். அதை அன்றைக்கு நான் பார்த்தேன், ஆனால் புரிந்துகொள்ளவில்லை.

அவர் உன்னைக் குத்தக் கையை ஓங்கினார். அந்தக் கையை வாங்கி உன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலை அவர்மேல் போட்டுச் சாய்ந்தாய். அவர் முழங்கை நேராக நீண்டது. அவர் முகம் வேறு மாதிரி ஆனது. இன்னொரு கையால் தரையைப் படபடவென்று தட்டினார். உங்கள் விளையாட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. வலியில் தட்டினார். உனக்கு அர்த்தம் தெரியும், தோற்றுவிட்டேன், விடு என்று. நீ உடனே விட்டுவிட்டாய்.

அப்போது நான் கத்தியது உனக்கு மறந்திருக்காது. நானே எழுதுகிறேன். "வுடாதடா! ஒடச்சிடு! அந்தக் கைய ஒடச்சிடு!" பெற்ற அப்பாவின் கையை உடைக்கச் சொல்லி ஒரு பிள்ளையிடம் கத்தினேன். நெற்றியில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது, கோபத்தில் வாயில் வந்தது என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோபம் மட்டும் இல்லை பிரபா. அதற்காகத்தான் உன்னை வருஷக்கணக்காகத் தயார் செய்துவந்தேன். நீ தள்ளி உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "அப்பா, மெதுவா எழுந்திரு" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். அவரைப் பார்க்கும்போது உன் கண்ணில் வருகிற பயம் எனக்கு நன்றாகத் தெரியும், நீ தவழ்ந்த காலத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அதே பயத்தோடு என்னைப் பார்த்தாய்.

உன் அப்பா பையை எடுத்துக்கொண்டு மணலி புதுநகரில் இருக்கும் உன் அத்தை வீட்டுக்குப் போய்விட்டார். நான் என்ன செய்தேன்? தெருக் குழாயடியில் நின்று பெருமை பேசினேன். "எம்புள்ள கீறான், இனிமே எவன் வருவான் எங்கிட்ட" என்று உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். நீ குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாய். ஹவுஸ் ஓனரோடு வாய்த்தகராறு வந்தாலும் உன்னை முன்னால் நிறுத்தினேன். பஸ்ஸில் ஒருவன் இடித்துக்கொண்டு நின்றால் உன்னைத் தள்ளிவிட்டேன். நீ பாலிடெக்னிக் முடித்ததும் ஓசூர் கம்பெனியில் வேலை வாங்கிக்கொண்டு போனபோது, நல்ல சம்பளம் என்று போகிறான் என்றுதான் நினைத்தேன். என்னிடமிருந்து தப்பித்துப் போகிறாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அங்கேயும் உன்னை விட்டேனா? அவர் இடையிடையே வந்து கதவைத் தட்டினால் உடனே உனக்குப் போன் அடிப்பேன். பக்கத்து வீட்டில் சொல்லலாம், போலீஸுக்குச் சொல்லலாம். உன்னைத்தான் கூப்பிடுவேன். நீ இருந்த சட்டையோடு பஸ் ஏறி வருவாய். நீ வந்து சேர்வதற்குள் அவர் போயிருப்பார். நீ ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு மறுபடியும் பஸ் ஏறுவாய். கூப்பிட்டால் என் பிள்ளை வருவான் என்று எனக்கு அதில் ஒரு கர்வம்.

இப்போது சொல்லப்போவது உனக்குத் தெரியாது.

பெங்களூரில் உனக்குப் போட்டி இருந்ததே. அதற்காக நீ மாதக்கணக்கில் வேலை முடிந்து பயிற்சி எடுத்தாய், சோற்றைக் குறைத்து எடையை இறக்கினாய். முதல் நாள் போனில் குழந்தை மாதிரி பேசினாய், "தோத்தாலும் பரவால்லம்மா, ஒரு தபா அந்தப் போட்டி மேட்ல நின்னுட்டா போதும்" என்றாய். மறுநாள் காலையில் நான் உனக்குப் போன் செய்து, "அப்பா வந்துகீறாரு, கதவ ஒடைக்கறாரு, சீக்கிரம் வாடா" என்று அழுதேன். நீ அங்கிருந்து நேராகக் கிளம்பி வந்துவிட்டாய். "இப்பத்தான் போனாரு" என்று சொன்னேன்.

அவர் வரவே இல்லை, பிரபா. அன்றைக்கு அவர் நம் தெருப்பக்கமே வரவில்லை. லீவு நாள், வீட்டில் யாரும் இல்லை, படியில் யாரோ ஏறுகிற சத்தம் கேட்டுப் பயந்தது உண்மை. மேல்வீட்டுக்குத் தண்ணீர் கேன் கொண்டுவந்தவர் என்று கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். ஏன் செய்தேன்? நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். அந்தச் சந்தோஷத்தில் நான் எங்கேயும் இல்லை. இவன் இனிமேல் கூப்பிட்டால் வருவானா என்று பார்க்கத் தோன்றியது. வந்தாய். தோள்பையில் மடித்த வெள்ளைச் சீருடை மடிப்புக் கலையாமல் இருந்தது. என் நெற்றியில், கையில் எங்காவது அடி இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "ஒண்ணும் இல்லல்லம்மா? நீ நல்லாகீற இல்ல?" என்றாய். போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் நீ பெயர் கொடுக்கவே இல்லை என்று ரேவதி சொல்லித்தான் தெரிந்தது.

அவள் அந்தச் செருப்புக் கேள்வியைக் கேட்ட அதே வாரம் நான் டோல்கேட் மாடிக்குப் போனேன். ஞாயிறு காலையில் பெண்களுக்கு மட்டும் கிளாஸ் என்று கீழே எழுதிப் போட்டிருந்தார்கள். தற்காப்புக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று நான் போகவில்லை. என் பிள்ளை தோற்றுவிட்டுச் சிரித்த இடம் எப்படி இருக்கும் என்று பார்க்கப் போனேன். சொல்லிக் கொடுக்கிற பெண்ணுக்கு ரேவதி வயசுதான் இருக்கும். என் வயசைக் கேட்டாள், முட்டிவலி இருக்கிறதா என்று கேட்டாள், பிறகு கீழே விழுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். விழுவதற்கு ஒரு முறை இருக்கிறது என்று இந்த வயசில் தெரிந்துகொண்டேன். முதல் நாள் முடிந்து படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, உன்னைத் தோற்கிறாய் என்று திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

காசிமேட்டில் மீன் விற்கிற மேரி என்பவள் எனக்கு ஜோடி. என்னைவிடச் சின்னவள், பலசாலி. ஒருநாள் கைப்பூட்டு சொல்லிக்கொடுத்தார்கள். அந்த டீச்சர் பெண், "எதிராளி தட்டினா அந்த நொடியே வுட்டுடணும். யோசிக்கவே கூடாது. அவங்க ஒடம்ப நம்பி உங்க கையில குடுத்துகீறாங்க" என்றாள். நான் மேரியின் கையைப் பிடித்துச் சாய்ந்தேன். அவள் என் காலைத் தட்டினாள். நான் விடவில்லை. வேண்டுமென்று இல்லை. இப்படி ஒரு பிடி என் கையில் அதுவரை இருந்ததே இல்லை, விட மனசு வரவில்லை. "யக்கா! தட்டிகினே கீறேன், வுடு!" என்று அவள் கத்திய பிறகுதான் விட்டேன். அவள் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே, "இன்னாக்கா, எவனோட கையின்னு நெனச்சிக்கின?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தில் விடுவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. பள்ளிக்கூடம் முடித்த பையன் நீ, கண்ணெதிரில் அம்மா ரத்தத்தோடு நிற்கிறாள், ஒடச்சிடு என்று கத்துகிறாள், நீ விட்டாய். அவர் தலை தரையில் படாமல் நீ உள்ளங்கையை வைத்ததும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கீழே விரித்த மேட் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். மேரி பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவளிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டேன். "வுடுக்கா, இதுக்கு இன்னாத்துக்கு இப்பிடி அழுவுற" என்றாள்.

போன மாதம் உன் அப்பா வந்தார். கல்யாணப் பத்திரிகை அச்சடித்து வந்த வாரம் ஒருநாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அத்தைக்கு அனுப்பிய பத்திரிகை அவர் கையில் இருந்தது. "எம்பேரு எங்க?" என்றார். "போடல" என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்தார், பழைய பிடி. முதலில் நான் பழைய மாதிரியே உறைந்துபோனேன். இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பிறகுதான் அவர் கட்டைவிரல் பக்கமாகக் கையைத் திருப்ப வேண்டும் என்று ஞாபகம் வந்தது. கிளாஸில் செய்தது போல அழகாக எல்லாம் இல்லை, வளையல் உடைந்தது, ஆனால் கை வெளியே வந்தது. நேராக வாசலுக்குப் போய், தெருவில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் நின்றுகொண்டேன். அப்படிச் செய்யத்தான் அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. அவருக்கும் வயசாகிவிட்டது. பழைய அப்பாவாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அவர் தன் வெறும் கையைப் பார்த்துக்கொண்டே, "கூப்புடு. உம்புள்ளைய கூப்புடு. அதான உன் வயக்கம்?" என்றார்.

"கூப்புட மாட்டேன். நான்தான் நின்னு பேசிகினு கீறேனே. எங்கிட்ட பேசு."

சாலையில் டிரெய்லர்கள் போய்க்கொண்டிருந்தன, அவர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், "கல்யாணத்துக்கு நான் வரக்கூடாதா?" என்றார். குரலில் அதிகாரம் இல்லை.

"அத அவங்கிட்ட கேளு. வரச்சொன்னா வா. வேணாம்னா வராத. நான் நடுவுல நிக்க மாட்டேன். இன்னொருவாட்டி எம்மேல கைய வெச்சா ஸ்டேஷனுக்குத்தான் போவேன், அவங்கிட்ட இல்ல" என்றேன். அவர் பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். உனக்குப் போன் செய்ய விரல் போனது. செய்யவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அதனால்தான் இந்த விஷயம் உனக்கு இன்றைக்குத் தெரிகிறது.

அவர் உன்னைக் கூப்பிடலாம். நீ வரச்சொன்னாலும் வேண்டாம் என்றாலும் எனக்குச் சம்மதம். என் மனசு நோகும் என்று யோசிக்காதே. மேடையில் அவர் நிற்கவேண்டுமா என்பதை நீயும் ரேவதியும் முடிவு செய்யுங்கள். உனக்கென்று ஓர் அப்பா இருக்கிறார். எனக்கு நடந்ததை வைத்து அவரை நீ வெறுத்தாகவேண்டும் என்று இனி நான் கேட்க மாட்டேன். ரேவதி, நீயும் ஒன்று செய்ய வேண்டும். இவன் உனக்காக ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு ஓடி வந்து நின்றால், பெருமைப்படுவதற்கு முன்னால் அது என்ன என்று கேள். நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பிரபா, இதைப் படித்துவிட்டு "வுடும்மா" என்று சொல்லாதே. பெங்களூர் விஷயம் உனக்குக் கோபம் வரவேண்டிய விஷயம். எனக்காக அந்தக் கோபத்தை விழுங்காதே. கல்யாண வேலைகள் நெருக்குவதற்கு முன் ஒருநாள் வீட்டுக்கு வா. ரேவதி இல்லாமல் தனியாக வா. என்னிடம் என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று இத்தனை வருஷமாக வைத்திருக்கிறாயோ அதையெல்லாம் சொல். கத்தினாலும் சரி. நான் குறுக்கே பேச மாட்டேன், அழுது உன் வாயை அடைக்க மாட்டேன், உன் அப்பாவைக் காரணம் காட்ட மாட்டேன். எல்லாம் சொல்லி முடித்த பிறகு சாப்பிடத் தோன்றினால் சாப்பிடு, இல்லையென்றால் கிளம்பிப் போ, ஏன் என்று கேட்க மாட்டேன். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அம்மா